பூரி ஏன் உப்புகிறது? – சார்லஸ் எழுதாத விதி

பதினொன்றாம் வகுப்பில் எங்களுக்கு வேதியியல் எடுத்த சார் எதையும் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் சொல்லிக்கொடுப்பார். வாயு விதிகள் பாடம் வந்த அன்று கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்பினார். “எண்ணெய்ல போட்டதும் பூரி உப்புதுல்ல? ஏன் உப்புது? உள்ள இருக்கிற காத்து சூடாகுது, விரியுது. அதான்டா சார்லஸ் விதி. பரிட்சைல மறந்துட்டா பூரிய நினைச்சுக்கோ.” நினைத்துக்கொண்டோம். மதிப்பெண்ணும் வந்தது.

அந்தப் பூரி தப்பான உதாரணம் என்று எனக்குத் தெரிய பல வருடங்கள் ஆயின. சார்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் செய்த அதே தப்பைப் பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய பெரிய வேதியியலாளர்களும் செய்தார்கள். அந்தத் தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவர் ஒருவர், விதிக்குப் பெயர் கொடுத்தவர் இன்னொருவர். அதையெல்லாம் நூறு வருடத்துக்கு முன்பே மோப்பம் பிடித்திருந்தவர் காது கேட்காத மூன்றாமவர். பாடப்புத்தகத்தில் ஒன்றரை வரியில் முடிந்துபோகும் விஷயம் இது: அழுத்தம் மாறாமல் இருந்தால், குறிப்பிட்ட நிறையுள்ள வாயுவின் கன அளவு அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இந்த ஒன்றரை வரியை எழுதி முடிக்க ஐரோப்பாவுக்குச் சுமார் நூற்றைம்பது வருடங்கள் பிடித்தன.

*

முதலில் அந்தக் காது கேட்காதவர். கியோம் அமொந்தோன், பாரிஸ்காரர், 1663இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே கேட்கும் திறனை இழந்துவிட்டார். அதற்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளவும் அவர் மறுத்ததாகச் சொல்வார்கள். வெளிச்சத்தம் இல்லாதது வேலைக்கு நல்லது என்று நினைத்தாராம். கருவிகள் செய்வதில் பைத்தியம். காற்றழுத்தமானி, ஈரப்பதமானி, வெப்பமானி என்று எதையாவது கண்ணாடிக் குழாயில் செய்துகொண்டே இருந்தார்.

அவர் காலத்தில் காற்றைப் பற்றி உறுதியாகத் தெரிந்த விதி ஒன்றுதான். 1662இல் ராபர்ட் பாயில் சொன்னது: காற்றை அழுத்தினால் சுருங்கும், இரண்டு மடங்கு அழுத்தினால் பாதியாகும். ஆனால் சூடாக்கினால் என்ன ஆகும்? விரியும் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு? அதுதான் சிக்கல். அளப்பதற்கு வெப்பநிலைக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அப்போது இருந்த வெப்பமானிகளில் ஒவ்வொன்றும் ஒரு பாஷை பேசின. ஃபாரன்ஹீட்டும் செல்சியஸும் இன்னும் வரவில்லை.

அமொந்தோன் பாதையை மாற்றினார். காற்றை விரியவிடாமல் ஒரு கண்ணாடிக் குமிழில் அடைத்து, சூடாகும்போது அது எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்று பாதரசத்தை வைத்துப் பார்த்தார். 1702இல் அவர் கண்டது: குமிழுக்குள் காற்று அதிகமாக இருந்தாலும் குறைவாக இருந்தாலும், சாதாரண குளிரிலிருந்து தண்ணீர் கொதிக்கும் சூடுவரை போகும்போது அதன் அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. எப்போதும் அதே பங்கு.

இங்கிருந்து அவர் வைத்த அடுத்த அடிதான் அசாத்தியமானது. சூடு ஏற ஏற அழுத்தம் சீராக ஏறுகிறது என்றால், சூடு இறங்க இறங்க சீராக இறங்க வேண்டும். இறங்கிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் அழுத்தம் பூஜ்யமாகிவிடும். காற்றுக்குத் தள்ளும் சக்தியே இருக்காது. அதற்குக் கீழே குளிர் என்று ஒன்று இருக்க முடியாது, இல்லையா? சூட்டுக்கு மேல்எல்லை இருக்கிறதோ இல்லையோ, குளிருக்கு ஓர் அடித்தளம் இருக்கிறது. அவருடைய எண்களை இன்றைய அளவுக்கு மாற்றினால் அந்த அடித்தளம் சுமார் மைனஸ் 240 டிகிரி செல்சியஸ். கையில் பனிக்கட்டியும் கொதிநீரும் தவிர வேறெதுவும் இல்லாத ஒருவர், ஒரு கண்ணாடிக் குமிழை வைத்துக்கொண்டு, பிரபஞ்சத்தின் மிகக் குளிர்ந்த புள்ளி எங்கே இருக்கும் என்று ஏறக்குறைய சரியாகச் சுட்டிவிட்டார். 1705இல், நாற்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். அந்த எண்ணை 1779இல் லாம்பெர்ட் மறுபடி கணக்கிட்டு மைனஸ் 270க்குக் கொண்டுவந்தார். அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

*

இப்போது பலூன்கள். 1783ஆம் வருடம் முழுக்க பிரான்ஸ் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

ஜூன் 4, தென்பகுதியில் அன்னொனே என்ற ஊர். மொங்கோல்ஃபியே சகோதரர்கள், காகிதம் தயாரிக்கும் குடும்பம். துணியும் காகிதமும் ஒட்டிய ஒரு பெரிய பையின் அடியில் வைக்கோலையும் கம்பளியையும் கொளுத்தினார்கள். பை மேலே போனது. ஏன் போனது என்று அவர்களுக்கே தெரியவில்லை. புகைக்குள் ஏதோ ஒரு விசேஷ வாயு இருக்கிறது, அதுதான் தூக்குகிறது என்று நம்பினார்கள்; அதனால்தான் நன்றாகப் புகை வரட்டும் என்று ஈரமான வைக்கோலாகத் தேடிப்பிடித்து எரித்தார்கள்.

உண்மையில் அங்கே வேலை செய்தது சூடான காற்று, வேறொன்றுமில்லை. காற்று சூடானால் விரிகிறது. விரிந்தால் ஒரு பகுதி பையின் அடிவாய் வழியாக வெளியேறுகிறது. மிச்சம் இருப்பது அதே இடத்தை அடைத்துக்கொண்டு எடை குறைவாக இருக்கிறது. வெளியே 15 டிகிரி, உள்ளே 100 டிகிரி என்றால், ஒரு கன மீட்டர் காற்றின் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். அதாவது ஒரு கன மீட்டருக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல் தூக்கலாம். அவ்வளவுதான். ஆளைத் தூக்கப் பிரம்மாண்டமான பை வேண்டியிருந்தது அதனால்தான்.

செய்தி பாரிஸுக்கு வந்தது. ஆனால் என்ன வாயு என்பது தெளிவாக வரவில்லை. அங்கே ஒருவர், “எரியும் காற்றாகத்தான் இருக்க வேண்டும்” என்று முடிவுகட்டினார். எரியும் காற்று என்றால் ஹைட்ரஜன். 1766இல் கேவண்டிஷ் அதை ஆராய்ந்து எழுதியிருந்தார். சாதாரணக் காற்றைவிட சுமார் பதினான்கு மடங்கு லேசானது. முடிவுகட்டியவர் ஜாக் அலெக்சாந்த்ர் சேசார் சார்லஸ். (பிரெஞ்சுக்காரர்கள் ‘ஷார்ல்’ என்பார்கள். நமக்குப் பாடப்புத்தகம் கொடுத்த பெயரே இருக்கட்டும்.)

சார்லஸ் படித்துப் பட்டம் வாங்கிய விஞ்ஞானி இல்லை. நிதித் துறையில் குமாஸ்தாவாக இருந்து, அந்த வேலை போனபின், பொதுமக்களுக்கு இயற்பியல் சொற்பொழிவு நடத்திப் பிழைத்தவர். மின்சாரப் பொறி, நுண்ணோக்கி, காற்றுப் பம்பு என்று மேடையில் வைத்து வித்தை மாதிரி காட்டுவார். கூட்டம் அலைமோதும். இன்றைக்கு இருந்திருந்தால் யூடியூபில் பத்து லட்சம் சந்தாதாரர்கள் வைத்திருப்பார் என்று தோன்றுகிறது.

அவருக்காக ரொபேர் சகோதரர்கள் பட்டுத்துணியில் ரப்பர் கரைசல் பூசி ஒரு கோளம் செய்தார்கள். சுமார் நான்கு மீட்டர் விட்டம். அதை ஹைட்ரஜனால் நிரப்ப வேண்டும். இரும்புத் துண்டுகள் மேல் கந்தக அமிலத்தை ஊற்றினால் ஹைட்ரஜன் வரும். அரை டன் இரும்பு, கால் டன் அமிலம். வாயு ஈயக் குழாய் வழியாகப் பலூனுக்குள் போனது.

இந்த இடத்தில்தான் நம் கதை சத்தமில்லாமல் உள்ளே நுழைகிறது. இரும்பும் அமிலமும் சேரும்போது கடும் சூடு கிளம்பும். வாயு சூடாகவே பலூனுக்குள் போகிறது. பலூன் நிறைந்த மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் வாயு ஆறிச் சுருங்கிவிடும், பலூன் தொங்கிப்போகும். மறுபடி நிரப்பு. மறுபடி தொங்கும். வழியில் குளிர்ந்த நீருக்குள் குழாயைச் செலுத்தி ஆறவைத்திருந்தால் இந்த அவஸ்தை இல்லை. நான்கு மீட்டர்ப் பையை நிரப்ப நாட்கணக்கில் ஆனது. வாயுவின் கன அளவுக்கும் சூட்டுக்கும் உள்ள உறவை சார்லஸ் முதலில் படித்தது ஏட்டில் அல்ல, இப்படித் தொங்கித் தொங்கிப்போன ஒரு பையில் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 27. இன்று ஈஃபில் கோபுரம் நிற்கும் ஷாம் த மார்ஸ் மைதானம். ஆளில்லாமல் விட்ட அந்தக் கோளம் முக்கால் மணி நேரம் பறந்து, சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி கொனெஸ் என்ற கிராமத்தில் விழுந்தது. வானத்திலிருந்து விழுந்து தரையில் துள்ளிக்கொண்டிருக்கும் பிசாசைக் கிராமத்து மக்கள் கவட்டைக்கோலாலும் கத்தியாலும் குத்திக் கிழித்தார்கள். இனிமேல் இப்படி ஒன்றைப் பார்த்தால் யாரும் பயப்பட வேண்டாம் என்று அரசாங்கமே அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று.

நவம்பர் 21இல் பிலாத்ர் து ரொசியேயும் தார்லாந்த் பிரபுவும் மொங்கோல்ஃபியே சூட்டுப் பலூனில் பறந்து, முதன்முதலில் கட்டில்லாமல் வானத்தில் போன மனிதர்கள் ஆனார்கள். பத்தே நாளில், டிசம்பர் 1 அன்று, சார்லஸும் ரொபேர் சகோதரர்களில் ஒருவரும் ஹைட்ரஜன் பலூனில் ஏறினார்கள். தூயில்ரி தோட்டத்தில் லட்சக்கணக்கில் கூட்டம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறந்து நெல் என்ற இடத்தில் இறங்கினார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரொபேர் கூடையிலிருந்து இறங்க, சார்லஸ் மட்டும் மறுபடி மேலே போனார். ஆள் குறைந்ததால் பலூன் சுண்டிவிட்ட மாதிரி கிளம்பியது. சுமார் 3,000 மீட்டர். தரையில் மறைந்துவிட்ட சூரியன் அங்கே மறுபடி தெரிந்தது. ஒரே நாளில் இரண்டு முறை சூரியன் மறைவதைப் பார்த்த மனிதர் அவர். கையில் வெப்பமானியும் காற்றழுத்தமானியும் இருந்தன. குளிர் எலும்பில் ஏறியது, காது வலி தாங்க முடியவில்லை. உயரம் போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து உள்ளே வாயு விரிந்துகொண்டே இருந்ததால், பலூன் வெடிக்காமலிருக்க உச்சியில் ஒரு வால்வு வைத்திருந்தார். அதைத் திறந்து இறங்கினார். அதன்பின் அவர் வாழ்நாளில் பறக்கவே இல்லை.

சூட்டுப் பலூன், ஹைட்ரஜன் பலூன் இரண்டையும் சேர்த்துக் கட்டினால் என்ன என்று யோசித்தவர் பிலாத்ர். ஹைட்ரஜனுக்குக் கீழே நெருப்பு. 1785 ஜூன் 15 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடக்கக் கிளம்பி, கரையோரத்திலேயே விழுந்து தோழர் ரொமேனோடு இறந்துபோனார். முதலில் பறந்த மனிதரே விமான விபத்தில் இறந்த முதல் மனிதர்களில் ஒருவராகவும் ஆனார்.

*

1787 வாக்கில் சார்லஸ் ஒரு சோதனை செய்தார். ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சாதாரணக் காற்று – இந்த ஐந்தையும் உறைநிலையிலிருந்து சூடாக்கிப் பார்த்தார். ஐந்தும் ஒரே அளவு விரிந்தன.

இது எவ்வளவு விநோதமான சங்கதி என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இரும்பையும் ஈயத்தையும் சூடாக்கினால் வெவ்வேறு அளவில் விரியும். எண்ணெயும் தண்ணீரும் பாதரசமும் அப்படித்தான். ஆனால் எடையில் பதினான்கு மடங்கு, இருபது மடங்கு வித்தியாசம் உள்ள வாயுக்கள் இதில் மட்டும் பேசிவைத்த மாதிரி நடந்துகொள்கின்றன. பொருள் எதுவாயிருந்தால் என்ன, வாயுவாக இருப்பதற்கென்றே ஒரு குணம் இருக்கிறது.

இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டவர் என்ன செய்தார்? எழுதவில்லை. சார்லஸின் இடம் சொற்பொழிவு மேடை. அவர் ஆய்வுக் கட்டுரை எழுதும் ஆளே இல்லை. அச்சில் அவர் விட்டுப்போனது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அவர் பெயரில் சொல்லப்பட்ட சில கணிதக் கட்டுரைகள்கூட அதே பெயருள்ள இன்னொரு சார்லஸுடையவை. இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிப் பிற்கால வாழ்க்கைக் குறிப்புகள் நெடுநாள் குழம்பின.

பிறகு புரட்சி வந்தது. 1792 ஆகஸ்ட் 10 அன்று கூட்டம் அரண்மனைக்குள் புகுந்தபோது, “நான்தான் அந்தப் பலூன்காரன்” என்று சொல்லி சார்லஸ் உயிர் தப்பியதாக ஒரு கதை உண்டு. உண்மையோ இல்லையோ, ஊர் அவரை எதற்காக நினைவு வைத்திருந்தது என்பதை அந்தக் கதை சொல்கிறது. விதிக்காக இல்லை.

*

பதினைந்து வருடம் கழித்து, 1802. ஜோசஃப் லூயி கே-லுசாக் என்ற இளைஞர், வயது 23. பெர்த்தொலே என்ற பெரிய வேதியியலாளரிடம் உதவியாளர். கையில் எடுத்த கேள்வி: வாயுக்கள் சூட்டில் எவ்வளவு விரிகின்றன?

புதுக் கேள்வி அல்ல. அவருக்கு முன் நிறைய பேர் அளந்திருந்தார்கள். ஒருவர் எண் இன்னொருவருக்கு ஒத்துவரவில்லை. ஒருவர் காற்று இவ்வளவு விரியும் என்பார், அடுத்தவர் அதைப்போல் பல மடங்கு என்பார். ஒவ்வொரு வாயுவுக்கும் ஒவ்வொரு எண். எல்லோரும் திறமைசாலிகள், எல்லோரும் கவனமாகத்தான் அளந்தார்கள். அப்படியும் ஏன்?

கே-லுசாக் காரணத்தைப் பிடித்தார். தண்ணீர்.

கண்ணாடிக் குடுவையின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு துளி ஈரம் போதும். சூடாக்கும்போது அது ஆவியாகிறது. ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் கொதிநிலையில் ஆவியானால் ஒன்றரை லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். அளப்பவர் வாயு விரிகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்; உண்மையில் குடுவைக்குள் புது வாயு பிறந்துகொண்டிருக்கும்.

இப்போது பூரிக்கு வருவோம். எண்ணெயில் போடும் பூரிக்குள் ஆரம்பத்தில் எவ்வளவு காற்று இருக்கிறது? தேய்த்துத் தட்டையாக்கிய மாவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இருக்கும் கொஞ்சநஞ்சக் காற்றும், 30 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்குப் போனால் ஒன்று ஒன்றரையாக ஆகும், அவ்வளவே. கணக்கு போட்டால் தெரிந்துவிடும்: 303 கெல்வின் 453 கெல்வின் ஆகிறது. அந்த ஒன்றரை மடங்கு காற்றால் தட்டையான பூரி பந்தாக முடியாது. பூரியை உப்பவைப்பது மாவு பிசையும்போது ஊற்றிய தண்ணீர். அது நீராவியாகி மேல்தோலையும் கீழ்த்தோலையும் பிரித்துத் தள்ளுகிறது. சார்லஸ் விதியின் பங்கு அதில் சொற்பம். எங்கள் சார் குடுவைக்குள் ஈரத்தை விட்டுவிட்டார்!

கே-லுசாக் விடவில்லை. வாயுக்களை நன்றாக உலர்த்தினார். உலர்ந்த வாயுவைக் கண்ணாடிக் குமிழில் நிரப்பி, கொதிநீரில் அமிழ்த்தி, விரிந்த வாயுவை வெளியேறவிட்டார். பிறகு குமிழை மூடி, பனிக்கட்டிக்குக் குளிர்வித்து, நீருக்குள் திறந்தார். வெளியேறிய வாயுவின் இடத்தை நீர் வந்து நிரப்பியது. அந்த நீரை அளந்தால் வாயு எவ்வளவு விரிந்திருந்தது என்று தெரிந்துவிடும். பெரிய யந்திரம் எதுவுமில்லை. ஈரத்தை நம்பாத பிடிவாதம் மட்டும்தான். நீரில் கரையும் வாயுக்களைப் பாதரசத்தின் மேல் வைத்து அளந்தார். சார்லஸ் அந்த வாயுக்களை விதிவிலக்கு என்று நினைத்திருந்தார். கே-லுசாக்கின் உலர்ந்த குழாய்களில் அவையும் மற்றவற்றோடு கூடவே ஏறின, கூடவே இறங்கின.

முடிவு: 0 டிகிரியில் 100 பங்கு இருக்கும் எந்த வாயுவும் 100 டிகிரியில் 137.5 பங்கு ஆகிறது.

ஏறக்குறைய அதே நாட்களில், 1801 அக்டோபரில், மான்செஸ்டரில் ஜான் டால்டனும் இதே முடிவைத் தனியாக எட்டிப் படித்திருந்தார். ஆக, சார்லஸ், டால்டன், கே-லுசாக் என்று மூன்று உரிமையாளர்கள்.

கே-லுசாக் தன் கட்டுரையில் செய்த காரியம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்தது. குடிமகன் சார்லஸ் பதினைந்து வருடங்களுக்கு முன்பே இந்த ஐந்து வாயுக்களிலும் இதே பண்பைக் கண்டிருந்தார், ஆனால் அவர் வெளியிடாததால் தற்செயலாகத்தான் எனக்கு அது தெரியவந்தது என்று அவரே எழுதிவைத்தார். யாரும் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் எவருக்கும் தெரிந்திருக்காது. சார்லஸிடம் காட்ட ஒரு தாள்கூட இல்லை. பெயர் வாங்கத் துடிக்கிற 23 வயதில், தன் முதல் பெரிய கட்டுரையில், ‘இது எனக்கு முன்னாலேயே இன்னொருத்தர் பாத்தது’ என்று எழுத ஒரு நெஞ்சுரம் வேண்டும். கரையும் வாயுக்களில் சார்லஸ் எங்கே பிசகினார் என்பதையும் அதே நேர்மையோடு எழுதினார். சார்லஸ் விதி என்ற பெயர் இன்று இருப்பதற்கு அந்தச் சில வரிகளே காரணம்.

இரண்டு வருடம் கழித்து, 1804 செப்டம்பர் 16 அன்று, கே-லுசாக் தனியாக ஒரு பலூனில் ஏறினார். 7,016 மீட்டர். வெப்பநிலை மைனஸ் 9.5. மூச்சு முட்டும் அந்த உயரத்தில் குடுவைகளைத் திறந்து காற்றைப் பிடித்து மூடிக்கொண்டு வந்தார். கீழே வந்து பகுத்துப் பார்த்தார்: பாரிஸ் தெருக் காற்றும் அந்த உயரத்துக் காற்றும் ஒரே கலவை. சார்லஸ் தொடங்கிய பறத்தல் அவரால் ஆய்வுக்கூடமாக மாறியது. அவருடைய உயர சாதனையை முறியடிக்கச் சுமார் அரை நூற்றாண்டு ஆயிற்று.

*

இனி கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பெட்டிக்கடைக் கணக்குதான்.

நூறு டிகிரிக்கு 37.5 பங்கு என்றால் ஒரு டிகிரிக்கு 0.375. அதாவது 0 டிகிரியில் இருந்த கன அளவில் 267இல் ஒரு பங்கு. பின்னால் வந்தவர்கள் இன்னும் கவனமாக அளந்தபோது கே-லுசாக்கின் எண்ணும் கொஞ்சம் அதிகம் என்று தெரிந்தது. 1840களின் தொடக்கத்தில் பாரிஸில் ரென்யோவும் பெர்லினில் மாக்னுஸும் தனித்தனியாக அளந்து, சுமார் 0.366 என்று நிறுவினார்கள். அப்படியானால் ஒரு டிகிரிக்கு 273இல் ஒரு பங்கு.

0 டிகிரியில் 273 லிட்டர் வாயு இருக்கிறது என்று வையுங்கள். 1 டிகிரியில் 274. 100 டிகிரியில் 373. இப்போது கீழே இறங்குங்கள். மைனஸ் 1இல் 272. மைனஸ் 100இல் 173. மைனஸ் 273இல்? பூஜ்யம். நூற்றைம்பது வருடத்துக்கு முன் அமொந்தோன் சுட்டிய அதே அடித்தளம்.

நிஜத்தில் எந்த வாயுவும் பூஜ்யமாகிக் காணாமல் போகாது. அதற்கு முன்பே திரவமாகிவிடும். ஆக்சிஜன் மைனஸ் 183இல், நைட்ரஜன் மைனஸ் 196இல், ஹைட்ரஜன் மைனஸ் 253இல். கடைசிவரை அடம்பிடித்த ஹீலியத்தையும் 1908இல் லெய்டன் நகரில் காமர்லிங் ஒனெஸ் மைனஸ் 269இல் திரவமாக்கினார். எல்லாமே கோட்டின் முடிவுக்கு முன்னாலேயே இறங்கிக்கொள்கிற பயணிகள். ஆனால் எல்லாக் கோடுகளையும் நீட்டினால் ஒரே புள்ளியில் போய்ச் சேர்கின்றன.

ரென்யோ ஒரு விசித்திரமான மனிதர். கோட்பாடு பேசமாட்டார், அளப்பார். மறுபடி அளப்பார். அப்படி அளந்து அவர் கண்டது சங்கடமான விஷயம்: எல்லா வாயுக்களும் ஒரே அளவு விரிவதில்லை. 0இலிருந்து 100வரை ஹைட்ரஜன் 0.3661, காற்று 0.3670, கார்பன் டை ஆக்சைடு 0.3710. கே-லுசாக்கின் அழகான சமத்துவத்தில் மூன்றாம் தசம இடத்தில் ஒரு விரிசல். விதி பொய்யா? பொய்யில்லை, வாயு எவ்வளவு அடர்த்தி குறைந்ததோ அவ்வளவு நெருக்கமாக அது விதிக்குக் கட்டுப்படுகிறது. நாம் படிப்பது எந்தக் குடுவையிலும் இல்லாத ‘நல்லியல்பு வாயு’வின் விதி.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று அடியில் இருந்தது. வெப்பநிலைக்குத் தகுந்தபடி வாயு சீராக விரிகிறது என்கிறோம். வெப்பநிலையை எப்படி அளந்தோம்? பாதரச வெப்பமானியால். பாதரசம் சீராக விரிகிறது என்று யார் சொன்னது? அதைச் சோதிக்க வாயு வெப்பமானியை வைத்துப் பார்க்க வேண்டும். அது சரி என்று யார் சொன்னது? ‘அவன் நல்லவன்னு இவன் சொல்றான், இவன் நல்லவன்னு அவன் சொல்றான்’ கதைதான்.

1845இல் ரென்யோவின் ஆய்வுக்கூடத்தில் கொஞ்ச காலம் வேலை பழகப் போயிருந்த ஓர் இளைஞர் இந்த வட்டத்திலிருந்து வெளியே வரும் வழியைக் கண்டார். வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. 1848இல், 24 வயதில், பாதரசம், காற்று என்று எந்தப் பொருளையும் சாராத ஒரு வெப்பநிலை அளவுகோலை முன்வைத்தார். வெப்ப இயந்திரங்களைப் பற்றி கார்னோ சொன்ன கோட்பாட்டிலிருந்து அதைக் கட்டினார். பொருள் எதுவானாலும் இயந்திரத்தின் அதிகபட்சத் திறன் இரண்டு வெப்பநிலைகளை மட்டுமே சார்ந்தது. ஆகவே அந்தத் திறனை வைத்தே வெப்பநிலையை வரையறுக்கலாம். அந்தக் கட்டுரையிலேயே காற்று வெப்பமானியின் மைனஸ் 273 என்ற எல்லையையும் குறிப்பிட்டிருந்தார். பின்னால் செதுக்கப்பட்டு வந்த அளவுகோலில் அந்த எல்லை பூஜ்யமாக உட்கார்ந்தது. இன்று அது மைனஸ் 273.15. ‘கன அளவு தனி வெப்பநிலைக்கு நேர்விகிதம்’ என்ற ஒன்றரை வரியில் ‘தனி’ என்ற இரண்டெழுத்து வருவதற்கு இவ்வளவு நடந்தது.

ரென்யோவுக்கு முடிவு நன்றாக அமையவில்லை. 1870இல் பிரஷ்யப் படையெடுப்பில் செவ்ரில் இருந்த அவருடைய கருவிகள் அழிக்கப்பட்டன. மறுவருடம் ஜனவரியில், அதே போரில், ஓவியரான அவருடைய மகன் ஆன்ரி கொல்லப்பட்டார். மூன்றாம் தசம இடத்தைக் காப்பாற்றத் தெரிந்த மனிதருக்கு இவற்றைக் காப்பாற்ற முடியவில்லை.

*

சார்லஸின் கதையில் இன்னொரு கிளை இருக்கிறது. இலக்கியம் படிப்பவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்கலாம். 1804இல், 57 வயதில், அவர் ஜூலி என்ற 20 வயதுப் பெண்ணை மணந்தார். ஜூலிக்குக் காசநோய் வந்தது. 1816இல் சிகிச்சைக்காகப் போயிருந்த ஏரிக்கரை ஊரில் அவர் ஓர் இளம் கவிஞரைச் சந்தித்தார். லமார்த்தின். அடுத்த வருடம் அதே ஏரிக்கரையில் சந்திப்பதாக இருவரும் பேசிவைத்திருந்தார்கள். ஜூலியால் வர முடியவில்லை. தனியாகக் காத்திருந்த கவிஞர் எழுதியதுதான் பிரெஞ்சுக் கவிதையின் மிகப் புகழ்பெற்ற படைப்புகளில் ஒன்றான ‘ஏரி’. அந்த டிசம்பரில் ஜூலி இறந்தார். சார்லஸ் இன்னும் ஐந்து வருடங்களுக்கு மேல் வாழ்ந்து, 1823இல் இறந்தார்.

இயற்பியல் புத்தகத்தில் அவர் எழுதாத விதியின் ஆசிரியர். இலக்கிய வரலாற்றில் அவருக்கு எழுதப்படாத கவிதையின் பின்னால் நிற்கும் கணவர்.

பெயர் விஷயத்தில் இன்னும் ஒரு வேடிக்கை பாக்கி. நம் பாடப்புத்தகத்தில் கன அளவும் வெப்பநிலையும் சார்லஸ் விதி. அழுத்தமும் வெப்பநிலையும் கே-லுசாக் விதி. பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் இது தலைகீழ்: கன அளவு விதி கே-லுசாக்குடையது, அழுத்த விதி சார்லஸுடையது. இரண்டு பேரும் அழுத்தத்துக்குச் சண்டை போட நியாயமே இல்லை. அதை 1702இலேயே கண்ணாடிக் குமிழில் அளந்து வைத்தவர் அமொந்தோன். அவர் பெயரை எங்கள் சார் சொன்னதில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சாரைக் கடைசியாகப் பார்த்தது ஒரு கல்யாணப் பந்தியில். இலையில் பூரி விழுந்தது. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “சார்லஸ் விதி ஞாபகம் இருக்காடா?” என்றார். “இருக்கு சார்” என்றேன். நீராவி, ஈரம், உலர்ந்த குடுவை எல்லாம் தொண்டைவரை வந்தது. பிறகு, குடிமகன் சார்லஸ் பற்றிக் கே-லுசாக் எழுதிய அந்தச் சில வரிகள் நினைவுக்கு வந்தன. எனக்கு அந்த விதியை முதலில் சொன்னவர் இவர்தான். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். பிறகு பூரியைப் பிய்த்து, உள்ளிருந்து எழுந்த ஆவியைக் காட்டி, “ஆனா சார், ஒரு சின்ன சந்தேகம்” என்று ஆரம்பித்தேன்.